தேரைக்குஞ்சு வளர்க்கப் போகிறீர்களா? முதலில் கரையான் பானை வையுங்கள்

ஐப்பசி மழை இரண்டு நாள் அடித்து ஓய்ந்ததும் எங்கள் தெருமுனைக் காலிமனையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். நாலைந்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் ஓரத்தில் எள்ளைக் கொட்டினாற்போல் தலைப்பிரட்டைகள் கூட்டம் கூட்டமாக நெளியும். அடுத்து ஒரு வாரம் வெயில் காய்ந்தால் போதும், குட்டை சேறாகி, சேறு வெடித்து, அத்தனையும் போய்விடும். அதில் பத்தை அள்ளிவந்து வளர்த்து, கால் முளைத்ததும் திரும்ப விட்டுவிடலாம் என்று என் மகள்தான் ஆரம்பித்தாள். ஆறு மழைக்காலமாக நடக்கிறது. முதல் இரண்டு வருடம் நான் செய்தது முழுக்கத் தப்பு. அந்தத் தப்புகளை நீங்கள் செய்ய வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தலைப்பிரட்டையைத் தேரையாக்குவது சுலபம். அதன்பிறகு அந்தக் குட்டித் தேரைக்குத் தினமும் உயிருள்ள இரை பிடித்துப் போடுவதில்தான் எல்லோரும் தோற்கிறார்கள். வால் கரைந்து கரையேறும் தேரைக்குஞ்சு உங்கள் சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதாக இருக்காது. அதன் வாய்க்குள் எறும்பு அளவுள்ளதுதான் போகும். அதுவும் அசைய வேண்டும். அசையாத எதுவும் அதன் கண்ணுக்குச் சாப்பாடாகத் தெரியாது. செத்த ஈயைக் குவித்து வைத்தாலும் பட்டினி கிடக்கும். நான் விளக்கும் கையுமாகப் பூந்தொட்டிகளைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி என் மாமியார் கேட்டார்: "கல்லுக்குள்ள இருக்குற தேரைக்கே கடவுள் படியளக்குறான், நீ ஏம்மா இப்படி அலையுற?" கல்லுக்குள் இருப்பதற்குக் கடவுள் அளப்பார் அத்தை, டப்பாவுக்குள் நாம் அடைத்து வைத்ததற்கு நாம்தானே அளக்க வேண்டும் என்றேன்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். இரைக்கு வழி செய்துவிட்டு அப்புறம் குட்டைக்குப் போங்கள்.

இரை

நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த கரையான் பானைதான் இதற்கும் கைகொடுக்கிறது. வாய் அகன்ற பழைய மண்பானை ஒன்று. அதற்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, இற்றுப்போன தென்னை மட்டை, ஓலை, எது கிடைக்கிறதோ அதைத் திணியுங்கள். தண்ணீர் தெளித்து நன்றாக நனைத்து, கரையான் ஓட்டம் தெரியும் மண்தரையில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் பானையைத் தூக்கி உள்ளே இருப்பதைத் தட்டினால் வெள்ளை வெள்ளையாகக் கொட்டும். கோழிக்குஞ்சுக்கு ஒரு பானை ஒரு வேளைக்கு ஆகும். பத்துத் தேரைக்குஞ்சுக்கு ஒரு தேக்கரண்டி போதும். நல்ல மழையில் கரையான் சரியாக ஏறாது. அந்த நாட்களில் பானையைத் தாழ்வாரத்துக்கு வெளியே மழைச்சாரல் படாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள். நிலைக்கதவு போனால் அந்தப் பழி தேரைமேல் விழும்.

பெரிய தலையும் கொடுக்குபோன்ற தாடையும் உள்ளவை காவல் கரையான்கள். அவற்றை ஒதுக்கிவிட்டு, மெத்தென்ற சிறிய வேலைக்காரக் கரையான்களை மட்டும் போடுங்கள். அளவுக்கு ஒரு கணக்கு உண்டு: தேரையின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைவிட இரை பெரிதாக இருக்கக் கூடாது.

முதல் வாரத்தில் சில குஞ்சுகளுக்குக் கரையான்கூடப் பெரிதாகிவிடும். அதற்கு மூன்று மாற்று. அவரைக்கொடியிலும் செம்பருத்தி நுனியிலும் அப்பிக்கிடக்கும் அசுவினியைக் கொழுந்தோடு கிள்ளி உள்ளே வைக்கலாம் (மருந்தடித்த செடி கூடாது). ஈரமான பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் ஊசிமுனை அளவில் துள்ளும் வெள்ளைப் பூச்சிகளை இறகால் தள்ளிச் சேர்க்கலாம். மூன்றாவது பழ ஈ. கனிந்த வாழைப்பழத்தோலை ஒரு பாட்டிலில் போட்டுத் திறந்து வைத்தால் தானாக வரும். இரண்டு நாள் கழித்து வாயைத் துணியால் கட்டிவிட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் அடுத்த தலைமுறை கிளம்பும். டப்பாவைத் திறந்ததும் பறந்து அடுப்படியை நிரப்பிவிடுமே என்றால், பாட்டிலை ஃபிரிஜில் மூன்று நிமிடம் வைத்து எடுங்கள். மரத்துப்போய் அடியில் கிடக்கும்போது தட்டிவிடலாம். தேரைகளுக்கு முன் அவை சுதாரித்து நடக்கத் தொடங்கும். அதுதான் நமக்கு வேண்டும்.

ஒரு மாதம் கழிந்து கொஞ்சம் உடம்பு வைத்தபின் அரிசி வண்டு, ரவையில் நெளியும் புழு, சின்ன வெட்டுக்கிளி, பிள்ளைப்பூச்சிக் குஞ்சு என்று பட்டியல் நீளும். எறும்பும் தேரைக்கு உகந்த உணவுதான், ஆனால் கடிக்கிற சிவப்பு நெருப்பெறும்பை எந்தக் காலத்திலும் டப்பாவுக்குள் விடாதீர்கள். அங்கே யார் யாரைத் தின்பது என்பது தலைகீழாகிவிடும்.

அள்ளிவருவது

நம் ஊரில் தெருவிளக்கின் கீழே உட்கார்ந்து விழுகிற பூச்சியைத் தின்னும், சொறித்தவளை என்று நாம் சொல்லும் சாதாரணத் தேரையைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். அதன் முட்டையைக் கண்டுபிடிப்பது சுலபம். தவளை முட்டை கூழ்க்கட்டியாக மிதக்கும்; மரத்தவளை நுரைக்கூடு கட்டும்; தேரை மட்டும் கண்ணாடி நூலில் கருமணி கோத்தாற்போல் நீளமான சரமாக இடும், செடித்தண்டுகளில் சுற்றிச்சுற்றி. ஒரே பெண் தேரை ஆயிரக்கணக்கில் இடும் என்பதால் பத்து எடுத்தால் குட்டைக்கு நட்டமில்லை.

முட்டையை விடுங்கள், நீந்தத் தொடங்கிய தலைப்பிரட்டையே எடுங்கள். தேரையுடையது சின்னது, நல்ல கறுப்பு, கூட்டமாகத் திரியும். பச்சை கலந்த பழுப்பில் பெரிதாகத் தனியே திரிவது தென்பட்டால் அது பெரிய பச்சைத் தவளையின் பிள்ளையாக இருக்கலாம். அது மற்றத் தலைப்பிரட்டைகளைத் தின்னும். எங்கள் வாளியில் தெரியாமல் ஒன்று வந்துவிட்டது. மூன்று நாளில் பன்னிரண்டு ஐந்தாகக் குறைந்தபோதுதான் அது மட்டும் ஏன் இவ்வளவு கொழுகொழுவென்று இருக்கிறது என்று உறைத்தது.

டீ வடிகட்டியும் மூடியுள்ள வாளியும் போதும். குட்டைத் தண்ணீரையும் அரை வாளி கொண்டுவாருங்கள். காப்புக்காடு, சரணாலயம், அதை ஒட்டிய ஏரி எதிலும் கை வைக்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 யானைக்கும் புலிக்கும் மட்டுமானதல்ல, சில தவளைகளும் அதன் பாதுகாப்பில் இருக்கின்றன. எடுத்த இடத்தை நோட்டில் குறித்துவையுங்கள், பின்னால் தேவைப்படும்.

தண்ணீரில் நான்கைந்து வாரம்

ஆழமான வாளியைவிட அகலமான டப் நல்லது. தேரைத் தலைப்பிரட்டைக்கு நுரையீரல் கடைசிக் கட்டத்தில்தான் வளர்கிறது. அதுவரை செவுளாலும் தோலாலும்தான் மூச்சு. காற்றுப் படும் நீர்ப்பரப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது. பத்து தலைப்பிரட்டைக்குப் பத்து லிட்டர் வைத்தால் உங்களுக்கும் வேலை குறைவு.

குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முழுக்கத் திறந்த பாத்திரத்தில் வைத்துக் குளோரின் போனபின் ஊற்றுங்கள். மழைத்தண்ணீர் உத்தமம். கிணற்றுத் தண்ணீரும் சரி. ஆர்ஓ தண்ணீர் வேண்டாம், அதில் உப்பும் இல்லை ஒன்றும் இல்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு மாற்றினால் போதும். முழுவதையும் ஒரே தடவையில் கொட்டி மாற்றாதீர்கள்.

சாப்பாட்டுக்கு அரைக்கீரை, பசலை எது கிடைத்தாலும் ஒரு கொதி விட்டு மசித்து, ஒரு சிட்டிகை. அவித்த முட்டையின் மஞ்சள் கரு வாரம் இரண்டு முறை, மிளகளவு. இதில்தான் எல்லோருக்கும் கை தாராளமாகிவிடுகிறது. போட்டது இரண்டு மணி நேரத்தில் தீராவிட்டால் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் வெண்மையாகி வாடை வந்தால் காரணம் பெரும்பாலும் நாம் போட்ட முட்டைதான். குட்டையில் கிடந்த பாசி பிடித்த கல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டுவிடுங்கள். நாள் முழுவதும் அதை மேய்ந்துகொண்டே இருக்கும்.

டப்பை நிழலில் வையுங்கள். காலை வெயில் ஓரமாகப் பட்டால் பரவாயில்லை. கொசு முட்டையிடாமல் இருக்கவும் பல்லி விழாமல் இருக்கவும் மேலே கொசுவலை.

மூன்றாவது வாரம் வாலின் அடியில் இரண்டு புள்ளிபோல் பின்னங்கால் தெரியும். முன்னங்கால் எங்கே என்று தேடாதீர்கள். அது செவுள் மூடிய தோலுக்கு உள்ளேயே முழுதாக வளர்ந்துகொண்டிருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் தோலுக்கடியில் முழங்கை முட்டிக்கொண்டிருப்பது தெரியும். பிறகு ஒருநாள் சட்டைக்குள் மடக்கி வைத்திருந்த கையை நீட்டுவதுபோல் வெளியே வரும். பெரும்பாலும் இடது கைதான் முதலில், மூச்சுத்தண்ணீர் வெளியேறும் துளை இடப்பக்கம் இருப்பதால் அந்த வழியாக. சில மணி நேரம் ஒற்றைக்கையோடு திரிவதைப் பார்க்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம். எங்கள் வீட்டில் ஆறு வருடத்தில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறோம், இரண்டும் பள்ளிக்கூட வேன் வாசலில் ஹாரன் அடிக்கும் நேரத்தில்.

இந்த மாற்றத்தை முடுக்குவது தைராய்டுச் சுரப்பு. 1912இல் குடர்நாட்ச் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டைத் தின்னக் கொடுத்தார். அவை வளர வேண்டிய அளவுக்கு வளராமலேயே அவசரமாகத் தவளையாகி, ஈயளவுத் தவளைகளாக நின்றன. வேகமாக வளரட்டும் என்று எதையாவது கலந்து கொடுக்கும் யோசனை வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முன்னங்கால் வந்த அன்று

என் முதல் வருடத் தப்பு இங்கேதான். நாற்பதை ஒரு வாளியில் வைத்திருந்தேன். ஒரு சாயங்காலம் பலதுக்கும் கை வந்துவிட்டது. வாளியின் சுவரோ வழவழப்பு. காலையில் பார்த்தால் பதினொன்று அடியில் கிடந்தன. தண்ணீரிலேயே பிறந்தது தண்ணீரில் மூழ்கிச் சாகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கை வரும் நேரத்தில் செவுள் போய் நுரையீரல் வந்துவிடுகிறது. வாலும் சுருங்குவதால் நீந்தவும் வராது. கரை இல்லையென்றால் முடிந்தது.

ஆகவே பின்னங்காலில் முழங்கால் மடங்கத் தொடங்கியதுமே தண்ணீரை மூன்று விரல் உயரத்துக்குக் குறைத்து, டப்பின் ஒரு பக்கத்தைச் செங்கல் வைத்துத் தூக்கிவிடுங்கள். மேட்டுப் பக்கம் தண்ணீர் வடிந்து ஈரக்கரை கிடைக்கும். அங்கே சொரசொரப்பான ஓட்டாஞ்சில்லு இரண்டு, ஈரத்துணி ஒன்று. கொசுவலையை இறுக்கிக் கட்டுங்கள். ஈரமான பிளாஸ்டிக் சுவரில் தேரைக்குஞ்சு பல்லிபோல ஒட்டி ஏறும்.

வால் முழுவதும் கரையும்வரை மூன்று நான்கு நாள் அது சாப்பிடாது. கீரை மேயும் நீளச் சுருள் குடல் உள்ளே பூச்சி தின்னும் குட்டைக் குடலாக மாறிக்கொண்டிருக்கிறது, வாயும் புதிதாகத் தயாராகிறது. அதுவரை வால்தான் சாப்பாடு. பட்டினி கிடக்கிறதே என்று பதறி எதையும் போடாதீர்கள்.

வால் போனதும் முக்கால்வாசியை அன்று மாலையே எடுத்த இடத்தில் விட்டுவிடுங்கள். கூட இருந்து பார்க்க மூன்று அல்லது நான்கு போதும். பத்துக்கும் இரை பிடிக்கிறேன் என்று வீறாப்புப் பேசுபவர்கள் ஒரு வாரம் கழித்துச் சொல்லட்டும்.

கரைவீடு

மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவோ பழைய மீன்தொட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் இரண்டு அங்குலத்துக்குத் தென்னை நார்க்கழிவு. கடையில் வாங்கிய கட்டியை மூன்று நான்கு முறை அலசிப் பிழியுங்கள், அதில் உப்பு இருக்கும். உரம் கலந்த தொட்டிமண் கூடாது. பிடித்து அழுத்தினால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. மேலே கொதிநீரில் போட்டெடுத்த சருகு, ஒளிந்துகொள்ள உடைந்த பானையின் ஓடு ஒன்று. தண்ணீருக்குக் கூல்டிரிங்ஸ் பாட்டில் மூடி. அதற்குள்ளும் ஒரு கூழாங்கல்.

தேரை வாயால் தண்ணீர் குடிக்காது. அடிவயிற்றுத் தோல் வழியாக உறிஞ்சும், மூடிக்குள் பின்பக்கத்தை இறக்கி உட்கார்ந்திருந்தால் குடிக்கிறது என்று பொருள். இதிலிருந்தே மற்றவை புரியும்: அதன் தோலில் படுவதெல்லாம் அதன் உடம்புக்குள் போகக்கூடும். ஃபினாயில் போட்டுத் துடைத்த தரையில் விடக் கூடாது. அந்த அறையில் கொசுவர்த்தி, கொசு மருந்துத் திரவம், ஸ்பிரே எதுவும் கூடாது. சோப்போ சானிடைசரோ எண்ணெயோ பட்ட கையால் தொடக் கூடாது. தொட்டே ஆக வேண்டுமென்றால் வெறும் தண்ணீரில் கையை அலசி, ஈரக்கையால். தொட்டபின் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அது நமக்காக. கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பியில் நஞ்சு உண்டு. குஞ்சில் அது வெளியே தெரியாது, வளர வளரத் துருத்தும். தோலில் பட்டு ஒன்றும் ஆகாது, கண்ணிலோ வாயிலோ படக்கூடாது. வீட்டில் நாய் இருந்தால் டப்பா உயரத்தில் இருக்கட்டும். தொட்டால் மரு வரும் என்பது பொய். மேலே மூத்திரம் பெய்யும் என்பது மட்டும் உண்மை.

டப்பா வைத்த ஸ்டூலின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் இறக்கிவிடுங்கள், சர்க்கரை டப்பாவுக்குச் செய்கிற மாதிரி. இதைச் செய்யாத இரண்டாவது வருடத்தில் நெருப்பெறும்புகள் ஒரே இரவில் டப்பாவைக் காலி செய்துவிட்டன. மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

குஞ்சுக்குத் தினமும் இரை வேண்டும். கால் மணி நேரத்தில் தின்று தீர்க்கும் அளவு, சாயங்காலம். வாரம் இரண்டு முறை இரைமேல் சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவ வேண்டும். நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு தருவார்கள். அதை இடித்து, வஸ்திரகாயம் செய்து (மெல்லிய துணியில் சலித்து), ஒரு சிட்டிகை கரையானோடு டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். இதை விட்டால் எலும்பு வலுக்காமல் கால் வளைந்துபோகும்.

என்னென்ன பார்க்கலாம்

இவ்வளவு பாடும் இதற்காகத்தானே. வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், அடி தெரியும் சின்ன டப்பாவில் தேரையை விட்டுக் கிராஃப் தாளின்மேல் வைத்துப் படமெடுங்கள். மூக்கு நுனியிலிருந்து பின்துளைவரை கட்டங்களை எண்ணினால் நீளம் கிடைத்துவிடும், கையால் பிடிக்கவே தேவையில்லை. முதுகுப் புள்ளிகள் ஒன்றுக்கொன்று வேறு என்பதால் எது எது என்று அடையாளமும் தெரியும். எங்கள் நோட்டில் கரையேறிய அன்று ஒன்பது பத்து மில்லிமீட்டர் இருந்தவை, நன்றாகத் தின்ற வருடத்தில் இரண்டரை மாதத்தில் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்தை எட்டின. ஒரே நாளில் கரையேறியவற்றிலேயே ஒன்று இன்னொன்றைப்போல் இரண்டு மடங்காகும். கவனித்தால் பெரியது எப்போதும் முந்திக்கொண்டு தின்றிருக்கும். அப்போது சின்னதைத் தனி டப்பாவில் வைத்து ஊட்டுங்கள்.

இரை பிடிக்கும்போது நாக்கைப் பார்க்க முயலாதீர்கள், கண்ணுக்கு எட்டாது. பின்னங்கால் விரலைப் பாருங்கள். கரையானைக் கண்டதும் உடம்பு சிலையாகும், நீண்ட விரல் ஒன்று மட்டும் துடிதுடிக்கும், அடுத்த நொடி கரையான் இருக்காது. பிறகு கண்ணைப் பாருங்கள். இரண்டும் உள்ளே அமுங்கும். பல் இல்லாத தேரை கண் உருண்டையைக் கீழே அழுத்தித்தான் இரையைத் தொண்டைக்குள் தள்ளுகிறது.

ஒருநாள் அது முதுகை வளைத்து, கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறந்து மூடிக்கொண்டு, கையால் தலையை வழித்துக்கொண்டு நிற்கும். நோய் என்று பயந்து எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்தான். தோல் உரிக்கிறது, அவ்வளவுதான். நனைந்த பனியனைத் தலைவழியாகக் கழற்றுவதுபோல் மெல்லிய தோலை இழுத்து, கழற்றக் கழற்ற அப்படியே தின்றுவிடும். குஞ்சுப் பருவத்தில் சில நாளுக்கொருமுறை நடக்கும். ராத்திரி பத்து மணிக்குமேல் சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச்சோடு உட்கார்ந்தால் பார்க்கலாம்.

இரண்டு நாள் தொடர்ந்து தின்னாமல், பகலிலும் வெட்டவெளியில் கால் பரப்பிக் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். முதலில் நார்க்கழிவை முழுதாக மாற்றி, அளவில் சிறிய இரை கொடுத்துப் பாருங்கள்.

திரும்ப விடுவது

இரை பிடிக்க முடியாத வாரம் வந்தால் அன்றே விடுங்கள். ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது, பரீட்சை வருகிறது, எதுவானாலும். பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிற விஷயமில்லை இது. எல்லாம் நன்றாகப் போனாலும் இரண்டு மூன்று மாதத்துக்குமேல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நோட்டில் குறித்த அதே இடத்தில், மழை தூறிய மாலையாகப் பார்த்து விடுங்கள். அங்கே தண்ணீர் வற்றியிருந்தாலும் பரவாயில்லை. இனி அதற்கு வேண்டியது ஈரமும் புதரும்தான். மாமா வீட்டுத் தோப்பில் விடலாம், கொடைக்கானல் போகும்போது விடலாம் என்பதெல்லாம் வேண்டவே வேண்டாம். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை உலகம் முழுக்கப் பரவியதில் மனிதர் இடம் மாற்றிய தவளைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. நம்முடைய இதே சொறித்தேரை மடகாஸ்கரில் தோவாமசினா துறைமுகத்தைச் சுற்றிக் குடியேறிவிட்டது 2014இல் தெரியவந்தது. சரக்குப் பெட்டிகளோடு போயிருக்க வேண்டும் என்கிறார்கள். நம்மூர்த் தண்ணீர்ப்பாம்பு தேரையைச் சாதாரணமாக விழுங்கும். அங்குள்ள பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த நஞ்சைத் தாங்கும் சக்தி இல்லை.

விட்டுவந்ததும் டப்பாவைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். நார்க்கழிவை வெயிலில் உலர்த்திச் செடிக்குப் போடலாம், குட்டைப் பக்கம் கொட்டாதீர்கள். கரையான் பானையை உடைத்துவிடாதீர்கள். தெருவில் யார் வீட்டிலாவது கோழி அடை வைத்திருப்பார்கள், குஞ்சு பொரித்ததும் வந்து கேட்பார்கள்.